உலகச் சூழல் ஆளுகை ஆய்வுக்கு யார் பணம்? நெல்லையிலிருந்து ஒரு கணக்கு

உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் கூந்தன்குளம் சேர்ந்த அறிவிப்பு 2022இல் வந்தது. களக்காடு முண்டந்துறைக் காடுகள் 2012 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சொத்தான மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் இடம்பிடித்தது. ராதாபுரம், பணகுடி பக்கம் சுற்றுகிற காற்றாலைகளில் பல, கார்பனைக் குறைத்ததற்கு வரவு பெற்று விற்கிற, கியோட்டோ ஒப்பந்தத்தின் தூய்மை மேம்பாட்டு முறையில் பதிவானவை. தாமிரபரணி கடலில் கலக்கிற புன்னைக்காயலைத் தாண்டினால் மன்னார் வளைகுடா. அதுவும் 1989இல் அறிவிக்கப்பட்ட உயிர்க்கோளக் காப்பகம்தான். சுமார் 128 கிலோமீட்டர் ஓடுகிற ஒரு சின்ன ஆற்றின் படுகையிலும் அதை ஒட்டியும் இத்தனை உலக ஏற்பாடுகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

இவையெல்லாம் இங்கே எப்படி நடக்கின்றன, யார் முடிவெடுக்கிறார்கள், எந்த ஊருக்கு என்ன கிடைத்தது, யார் எதை இழந்தார்கள் என்று இங்கிருந்தே கேட்கிற ஆய்வு, அதாவது உலகச் சூழல் ஆளுகை ஆய்வு, குறைவு. பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கத்துக் கல்லூரி ஆசிரியர்கள் சிலரும் ஆய்வு மாணவர்கள் சிலரும் சேர்ந்து அப்படி ஒரு மூன்றாண்டு ஆய்வைத் தொடங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஒரு குழு சேரத் தயாராக இருக்கிறது; மன்னார் வளைகுடாவின் மறுகரை அவர்களுடையது. நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத் துறையும் ஆர்வம் காட்டுகிறது. ஆள் இருக்கிறது, கேள்வி இருக்கிறது. பணத்தை எங்கே வாங்குவது என்பதில்தான் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறோம். என் பக்கத்துக் கணக்கை எழுதி வைக்கிறேன். மற்றவர்கள் அடித்துத் திருத்தட்டும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தத் துறைக்கு உலகத்தில் எங்குமே பணம் அதிகம் இல்லை. 1990 முதல் 2018 வரை உலகில் கொடுக்கப்பட்ட ஆராய்ச்சி நிதிகளை அலசிய ஓர் ஆய்வு, மொத்தத்தில் 0.12 சதவீதம் மட்டுமே காலநிலை மாற்றத்தைத் தணிப்பது பற்றிய சமூக அறிவியலுக்குப் போனது என்று கணக்கிட்டது. சூரியத் தகட்டை மேம்படுத்தப் பணம் உண்டு. அந்தத் தகடு யார் நிலத்தில் வருகிறது, அதற்கு யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேட்கப் பணம் கிடையாது. அப்படிக் கொடுக்கிற பணமும் எங்கே போய்ச் சேருகிறது என்பது இன்னொரு கதை. ஆப்பிரிக்கா பற்றிய காலநிலை ஆய்வுகளுக்கு 1990 முதல் 2020 வரை கிடைத்த நிதியில் 78 சதவீதம் ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களுக்கே போனது. ஆப்பிரிக்க நிறுவனங்களுக்கு 14.5 சதவீதம். ஆய்வு நடந்த இடம் ஒன்று, சம்பளம் போன இடம் வேறு. நம் கால்வாய்களில் தலைமடை குடித்து முடித்த பிறகு கடைமடைக்கு வருகிற தண்ணீர் மாதிரிதான்.

அதனால் எந்த நிதியில் தொகை பெரிது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நான் கேட்பது இவை. ஆய்வுக் கேள்வியை யார் எழுதுகிறார்கள்? பாதியில் பணம் நின்றுபோகிற ஆபத்து எவ்வளவு? சட்டப்படி அந்தப் பணம் பாளையங்கோட்டையில் உள்ள ஒரு கல்லூரிக் கணக்குக்கு வந்து சேர முடியுமா? அப்புறம், கூந்தன்குளத்துக்காரரும் பாபநாசம் மலைக் காணிப் பழங்குடியினரும் படிக்கிற மாதிரி தமிழில் ஓர் அறிக்கை போட அதில் இடம் உண்டா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் அச்சுச் செலவு என்ற ஒரு வரியைப் பட்ஜெட்டில் சேர்க்க ஒரு நிதியாளர் மறுத்தால், அவருக்கு இந்த ஆய்வு யாருக்காக என்பதே புரியவில்லை என்று அர்த்தம்.

ஐரோப்பாவின் பெரிய பை

நெதர்லாந்து நண்பர்கள் முதலில் சொன்னது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் ஐரோப்பா. 2021 முதல் 2027 வரையான திட்டம், தொடங்கியபோது மொத்தம் 95.5 பில்லியன் யூரோ. உலகத்தின் மிகப் பெரிய பொது ஆராய்ச்சி நிதித் திட்டங்களில் ஒன்று. சுற்றுச்சூழல் ஆளுகைக்கென்றே விண்ணப்ப அழைப்புகள் வரும். நேரடிச் செலவின் மேல் 25 சதவீதம் நிர்வாகச் செலவுக்கென்று தனியாகக் கொடுப்பார்கள். இங்கே மின்கட்டணத்துக்கும் கணக்காளர் சம்பளத்துக்கும் அல்லாடுகிற கல்லூரிக்கு அது கனவு மாதிரி.

விதியைப் படித்தால் கனவு கலைந்துவிடும். ஒரு கூட்டு விண்ணப்பத்தில் குறைந்தது மூன்று நிறுவனங்கள் மூன்று வெவ்வேறு ஐரோப்பிய உறுப்பு நாடுகளையோ கூட்டு நாடுகளையோ சேர்ந்தவையாக இருக்க வேண்டும். இந்திய நிறுவனமும் சேரலாம், தடையில்லை. ஆனால் இந்திய நிறுவனத்துக்குத் தானாகப் பணம் வராது. அழைப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும், அல்லது இந்தப் பங்காளி இல்லாமல் ஆய்வே நடக்காது என்று நிறுவ வேண்டும். இல்லாவிட்டால் தன் செலவில் வருகிற பங்காளிதான். பெரும்பாலும் என்ன நடக்கும்? நாம் ‘கள ஆய்வு இடம்’ ஆகிவிடுவோம். கேள்வித்தாள் அங்கிருந்து வரும், நாம் வீடு வீடாகப் போய் நிரப்பி அனுப்புவோம், கட்டுரையில் கடைசிப் பெயராகவோ நன்றியுரையிலோ இடம் கிடைக்கும்.

இதில் எனக்கு ஓர் எடுத்துக்காட்டு உறுத்துகிறது. ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகை. 1987இல் திருவனந்தபுரம் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா விஞ்ஞானிகள் அகத்தியமலையில் ஏறியபோது, கூட வந்த காணி மக்கள் களைப்புத் தெரியாமலிருக்க ஒரு செடியின் காயைத் தின்பதைக் கவனித்தார்கள். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து உருவாகி, கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் கொடுக்கப்பட்டது. உரிமக் கட்டணத்திலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. அதற்காக 1997இல் ஓர் அறக்கட்டளை பதிவானது. 2010இல் உயிர்வளங்களின் பலனைப் பகிர்வதற்கான நகோயா நெறிமுறை வருவதற்கு வெகு காலம் முன்பே நடந்த பலன் பகிர்வு என்பதால் உலகம் முழுக்க இதை மேற்கோள் காட்டுகிறார்கள். சரி, அந்த அறக்கட்டளை கேரளக் காணிகளுக்கானது. மலை முகட்டுக்கு இந்தப் பக்கம், பாபநாசம் மேலணைக்கு மேலேயும் காணிக் குடியிருப்புகள் உண்டு. காடு ஒன்று, மக்கள் ஒன்று, மாநில எல்லை மட்டும் இரண்டு. வெளியிலிருந்து வருகிற ஆய்வுக்குழு ‘நகோயா நெறிமுறையை இந்தியா எப்படிப் பின்பற்றுகிறது’ என்று கேட்கும். இங்கிருந்து கிளம்புகிற ஆய்வு, மாநில எல்லை ஓர் உலக உடன்படிக்கையின் பலனை எப்படி இரண்டாக வெட்டுகிறது என்று கேட்கும். இரண்டும் ஒரே தலைப்பில்தான் வரும். ஆனால் இரண்டாவது கேள்விக்கு ஹொரைசன் மதிப்பீட்டுக் குழுவில் எத்தனை மதிப்பெண் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஐரோப்பாவில் எனக்குப் பிடித்த வாசல் வேறு. நம் ஆய்வு மாணவர்களுக்கு, பிஎச்.டி. முடித்த பிறகு, மரீ கியூரி ஆய்வு உதவித்தொகை உண்டு. எந்த நாட்டவரும் போடலாம். ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை வளரும் நாட்டு இளைஞர்களுக்கென்று காலநிலைப் பாதுகாப்பு உதவித்தொகை ஒன்று தருகிறது. இவை தனி ஆளுக்கானவை. போனவர் திரும்பி வருவாரா என்பது வேறு கவலை. அதற்கு எந்த நிதியாளரிடமும் பதில் கிடையாது.

வளர்ச்சி உதவிப் பணம்

குழுவில் மூத்தவர் கனடாவின் ஐ.டி.ஆர்.சி. பக்கம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1970இல் கனடா நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான நிறுவனம் அது; வளரும் நாட்டு ஆய்வாளர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுப்பதே அதன் வேலை. டெல்லியில் அலுவலகம் இருக்கிறது. 2012 முதல் 2019 வரை பிரிட்டனோடு சேர்ந்து 7 கோடி கனடா டாலரில் கரியா என்ற காலநிலைத் தகவமைப்பு ஆய்வுத் திட்டத்தை நடத்தியது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் நான்கு கூட்டணிகள். அதில் ஒன்றைக் கேப்டவுன் பல்கலைக்கழகமும் இன்னொன்றைக் காத்மாண்டுவில் உள்ள மலைப்பகுதி வளர்ச்சிக்கான சர்வதேச மையமான இசிமோடும் தலைமை தாங்கின. கேப்டவுன் கூட்டணியின் இந்தியக் களங்களில் ஒன்று நம் மாநிலத்து மோயாறு பவானிப் பகுதி. தலைமை தெற்கிலேயே இருந்ததால் கேள்விகளும் ஓரளவு தெற்கிலிருந்தே வந்தன. இது போன்ற இன்னோர் அழைப்பு வந்தால் நானே முதல் ஆளாக விண்ணப்பம் எழுதுவேன்.

ஆனால் வளர்ச்சி உதவி என்ற தலைப்பில் வருகிற பணத்துக்கு ஒரு நோய் உண்டு. அதைக் கொடுக்கிற நாட்டின் அரசியல் மாறினால் அது ஒரே நாளில் நின்றுவிடும். பிரிட்டன் 2015இல் 150 கோடி பவுண்டு மதிப்பில் உலகச் சவால் ஆராய்ச்சி நிதியை அறிவித்தது. உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் ஆள் எடுத்து வேலை தொடங்கின. பிறகு பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவியை வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைத்தது. 2021 மார்ச்சில் பிரிட்டன் ஆராய்ச்சி அமைப்பு, கையில் உள்ளதற்கும் ஏற்கெனவே கொடுப்பதாகச் சொன்னதற்கும் இடையில் 12 கோடி பவுண்டு பள்ளம் இருப்பதாக எழுத்தில் தெரிவித்தது. நடுவழியில் பல புராஜெக்டுகள் வெட்டப்பட்டன. சுவீடன் 2023இல் வளர்ச்சி ஆய்வுக்கான நிதியையே நிறுத்தியது. 2025இல் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டு மூடப்பட்டது எல்லாருக்கும் தெரியும்.

வெட்டு வரும்போது முதலில் போவது கடைநிலை ஆய்வு உதவியாளரின் சம்பளம். ஆம்ஸ்டர்டாமிலோ லண்டனிலோ பேராசிரியருக்கு வேலை இருக்கும். இங்கே ஊர் ஊராக அலைந்த பெண்ணுக்கு மாதம் முடிய வீட்டு வாடகை இருக்காது. இதையும் கணக்கில் எடுக்காமல் ‘பெரிய தொகை’ என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எஃப்.சி.ஆர்.ஏ. என்ற மதகு

எந்த வெளிநாட்டுப் பணம் என்றாலும், வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்துகிற எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் என்ற மதகைத் தாண்டித்தான் வர வேண்டும். 2010ஆம் ஆண்டுச் சட்டம், 2020 செப்டம்பரில் இறுக்கப்பட்டது. பதிவு பெற்ற அமைப்புக்கு வருகிற பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கு வெட்டப்பட்டது. இன்னொன்றுதான் நம்மை நேராக அடிக்கிறது: வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது.

முன்பெல்லாம் பெங்களூரிலோ சென்னையிலோ உள்ள ஒரு பெரிய அமைப்பு வெளிநாட்டு நிதியை வாங்கி, அதில் ஒரு பகுதியை நம்மைப் போன்ற சிறு குழுவுக்குக் கொடுக்கும். கணக்கு, தணிக்கை, ஆங்கில அறிக்கை எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். களம் நம்முடையது. 2008 முதல் 2015 வரை மேற்குத் தொடர்ச்சி மலையில் சி.இ.பி.எஃப். என்ற சர்வதேச நிதி, பெரியாறு அகத்தியமலை வழித்தடம் உட்பட ஐந்து பகுதிகளில் சிறு அமைப்புகளுக்குப் பணம் கொடுத்தது. அதை இங்கே ஒருங்கிணைத்தது பெங்களூரின் சூழல் ஆய்வு நிறுவனமான ஏட்ரீ. பெரிய அமைப்பு ஒன்று பக்கத்தில் நின்று கைப்பிடித்துக் கூட்டிப்போகிற அந்த வழக்கம் இன்று வெளிநாட்டுப் பணத்துக்கு மிகக் கடினம். நாமே பதிவு வைத்திருக்க வேண்டும், அல்லது ஒவ்வொரு முறையும் உள்துறை அமைச்சகத்திடம் முன் அனுமதி கேட்க வேண்டும்.

நம்மில் சிலர் வேலை பார்க்கிற பழைய மிஷன் கல்லூரிகளின் நிர்வாகங்கள் பதிவு வைத்திருக்கலாம். ஆனால் நிர்வாகம் அந்தப் பதிவை ஒரு ‘ஆளுகை’ ஆய்வுக்காகப் பணயம் வைக்குமா? டெல்லியில் கொள்கை ஆய்வுக்குப் பெயர் பெற்ற சி.பி.ஆர். என்ற நிறுவனத்தின் பதிவு 2023இல் நிறுத்தி வைக்கப்பட்டு 2024 ஜனவரியில் ரத்தானது. அதைப் பார்த்த எந்தத் தாளாளரும் கூடங்குளம், தாது மணல், மாஞ்சோலை என்ற சொற்கள் இருக்கிற விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட யோசிப்பார். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு விடுதியும் ஒரு பள்ளிக்கூடமும் அதே பதிவை நம்பி இருக்கலாம்.

ஐ.நா. வழியாக வருகிற பணத்துக்கு மட்டும் இந்த மதகு இல்லை. சட்டம் அதை வெளிநாட்டு மூலமாகக் கருதுவதில்லை. சூழல் வேலைகளுக்குப் பணம் கொடுக்கிற சர்வதேச நிதியான உலகச் சூழல் வசதியின் சிறுநிதித் திட்டம் 1992 முதல் ஐ.நா. வளர்ச்சித் திட்டமான யு.என்.டி.பி. வழியாக நடக்கிறது. நல்ல திட்டம்தான். ஆனால் அது செயல்பாட்டுக்கான பணம். குளத்துக்கரையில் மரம் நடலாம், சுயஉதவிக் குழு அமைக்கலாம். உலகச் சூழல் வசதியே சரியாக நடக்கிறதா என்று ஆராய அதனிடமே காசு கேட்க முடியாது.

ஆளாளுக்கு அவரவர் காசு

என் மனசுக்கு நெருக்கமான ஏற்பாடு பெல்மாண்ட் ஃபோரம். 2009இல் தொடங்கிய நிதியாளர் கூட்டணி. இந்தியாவிலிருந்து புவி அறிவியல் அமைச்சகம் அதில் உறுப்பினர். குறைந்தது மூன்று நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரே விண்ணப்பம் போட வேண்டும். தேர்வானால் ஒவ்வொரு நாட்டுக் குழுவுக்கும் அந்தந்த நாட்டு நிதியாளரே பணம் கொடுப்பார். நெதர்லாந்துக்காரருக்கு நெதர்லாந்து, நமக்கு டெல்லி. எல்லையைத் தாண்டிப் பணம் நகர்வதே இல்லை. எஃப்.சி.ஆர்.ஏ. தொல்லை இல்லை. அதைவிட முக்கியம், யாரும் யாருக்கும் முதலாளி இல்லை. காசு கொடுத்தவர் என்ற ஹோதாவில் யாரும் கேள்வித்தாளைத் திணிக்க முடியாது. இயற்கை அறிவியல், சமூக அறிவியல் இரண்டும், அப்புறம் ஆய்வுக்குரிய மக்களும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும் என்று அவர்களே கேட்கிறார்கள். கால்வாய்ப் பாசன சங்கத்தை ‘பயனாளி’ என்று எழுதாமல் பங்காளி என்று எழுத இடம் கிடைக்கிறது.

குறையும் உண்டு. எல்லா அழைப்பிலும் இந்தியா சேருவதில்லை. எந்தத் தலைப்பில் டெல்லி பணம் போடுகிறது என்பது அழைப்பு வந்த பிறகுதான் தெரியும். ஒரு நாட்டுப் பங்காளி தகுதியிழந்தால் மொத்த விண்ணப்பமும் ஆட்டம் காணும். இலங்கை நிதியாளர் அந்த அழைப்பில் இல்லாவிட்டால் யாழ்ப்பாணக் குழு சொந்தக் காசில்தான் வர வேண்டும். இன்றைய இலங்கையின் நிலையில் அப்படிக் கேட்பது நியாயமில்லை.

யாழ்ப்பாணத்துக்கு ஏற்ற வழி ஏ.பி.என். என்ற ஆசிய பசிபிக் உலக மாற்ற ஆய்வு வலையமைப்பு. ஜப்பானின் கோபே நகரில் செயலகம், 1996இல் தொடங்கியது, 22 நாடுகள் உறுப்பினர். இந்தியாவும் இலங்கையும் அதில் உண்டு. கூட்டு ஆய்வுக்கு ஒரு திட்டம், திறன் வளர்ப்புக்கு ஒரு திட்டம். தொகை ஐரோப்பாவின் முன்னால் சில்லறை. ஆனால் மன்னார் வளைகுடாவின் இரண்டு கரையிலும் உள்ள மீனவர் சங்கங்களைப் பற்றி இரண்டு கரையிலும் உள்ள தமிழ் ஆய்வாளர்களே கேட்கிற ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான பணம் எனக்குத் தெரியவில்லை. வெளிநாட்டுப் பணம்தான் என்பதால் மதகுப் பிரச்சினை இதற்கும் உண்டு. அதைச் சட்டப்படி உருவான பல்கலைக்கழகம் ஒன்றின் வழியாகத் தீர்க்கலாமா என்று ஒரு தணிக்கையாளரிடம் கேட்டாக வேண்டும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிற அபிஷேகப்பட்டி நமக்குத் தூரமில்லை.

டெல்லியின் ரூபாய்

கடைசியாக, எல்லாரும் அலுத்துக்கொள்கிற ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்., அதாவது இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம். 1969இல் தொடங்கியது. பணம் தவணையில் வரும், அடுத்த தவணை எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. யூ.சி. என்று எல்லாரும் சொல்கிற பயன்பாட்டுச் சான்றிதழில் ஓர் இலக்கம் மாறினால் கோப்பு திரும்பி வரும். வெளிநாட்டுப் பங்காளிக்கு ஒரு ரூபாய் கொடுக்க முடியாது. எல்லாம் உண்மை. ஆனால் இது நம் கேள்வியை நாமே எழுதுகிற பணம். தமிழில் அறிக்கை போடுவதை யாரும் தடுக்க மாட்டார்கள். ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ்., நெதர்லாந்தின் என்.டபிள்யூ.ஓ. போன்ற ஆராய்ச்சி நிதி அமைப்புகளோடு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். இருதரப்பு அழைப்புகளும் நடத்தியிருக்கிறது. ஈக்விப் என்ற பெயரில் ஐரோப்பிய நிதியாளர்களோடு சேர்ந்து அவரவர் பக்கத்துக்கு அவரவர் பணம் போட்ட அழைப்பும் ஒரு முறை வந்தது. அப்படி ஒன்று மறுபடி வந்தால் நெதர்லாந்து நண்பர்களுக்கு அதுவே சரியான வாசல்.

புதிதாக வந்த ஏ.என்.ஆர்.எஃப். என்ற தேசிய ஆராய்ச்சி நிதி அமைப்பு பற்றிக் குழுவில் நிறைய எதிர்பார்ப்பு. 2023ஆம் ஆண்டுச் சட்டம். ஐந்தாண்டுக்கு 50,000 கோடி ரூபாய் என்று சொல்கிறார்கள். அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியே இருந்து வர வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. சமூக அறிவியலுக்கும் அங்கே இடம் உண்டு, ஆனால் அறிவியல் தொழில்நுட்பத்தோடு அது உரசுகிற ஓரத்தில் மட்டும். ராம்சர் குளத்தின் நீர்த்தர ஆய்வோடு சேர்த்து எழுதினால் நடக்கலாம். தனியாக ஆளுகை என்று போனால் கதவு திறப்பது கஷ்டம்.

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். என்கிற சமூகப் பொறுப்புப் பணத்தைச் சிலர் சொல்கிறார்கள். கம்பெனிச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, பொதுப் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்கிறது. ஆனால் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவ ஆராய்ச்சிக்கு. நம் துறை அந்த வரியில் இல்லை. இருந்திருந்தாலும், காற்றாலைக் கம்பெனியின் காசில் காற்றாலைக் கார்பன் வரவு யாருக்குப் போனது என்று ஆராய்வதை யாரும் நம்பப் போவதில்லை. மாநில அரசின் பசுமைக் காலநிலை நிறுவனத்துக்கும் இதே சங்கடம். ஈரநிலங்களை நடத்துகிறவர்களே அதற்குப் பணம் கொடுத்தால், தமிழ்நாட்டின் 20 ராம்சர் இடங்களில் எது எப்படி நடக்கிறது என்று எழுதும்போது பேனா தயங்கும்.

என் முடிவு

ஐ.சி.எஸ்.எஸ்.ஆரை அடிப்படையாக வைப்போம். அதில் இரண்டாண்டு வேலை, ஆற்றுப் படுகைக்குள் மட்டும், கேள்வி முழுக்க நம்முடையது. அதே நேரம் யாழ்ப்பாணத்தோடு ஏ.பி.என். கடற்கரைப் பகுதிக்கு. பெல்மாண்ட் அழைப்பில் இந்தியா சேருகிற தலைப்பு ஒத்துவந்தால் நெதர்லாந்தையும் சேர்த்து அது. ஐ.டி.ஆர்.சி. அழைப்பு வந்தால் பார்க்கலாம், ஆனால் அதை நம்பி ஒரு மாணவரைக்கூட வேலைக்கு எடுக்கக் கூடாது. ஹொரைசன் கூட்டணியில் கள இடமாகச் சேர்வதற்கு நான் எதிர்.

பணம் இல்லாமலே கிடைக்கிற ஒன்றும் இருக்கிறது. 2009இல் தொடங்கிய புவி அமைப்பு ஆளுகைத் திட்டம் என்ற உலக ஆய்வாளர் வலையமைப்பு நிதி தருவதில்லை. ஆனால் இந்தத் துறையில் யார் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. உறுப்பினராவோம். கேள்வி நம்முடையதாக இருப்பதும் உலகத்தோடு பேசுவதும் ஒன்றுக்கொன்று எதிரியில்லை.

முதலில் எந்தக் கேள்வி என்பதிலும் எனக்கு ஒரு விருப்பம் உண்டு. 2023 நவம்பர் 30 அன்று துபாய் காலநிலை மாநாட்டின் முதல் நாளிலேயே, காலநிலைப் பாதிப்பால் இழப்படைந்த வளரும் நாடுகளுக்கான இழப்பு மற்றும் சேத நிதி செயல்பாட்டுக்கு வந்ததாக அறிவித்தார்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி பொங்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றது, ஊர்கள் துண்டிக்கப்பட்டன. உலக நிதி ஒன்று செயல்பாட்டுக்கு வந்த கையோடு மூழ்கிய ஓர் ஊருக்கு, அந்த நிதியை எட்ட எத்தனை படி ஏற வேண்டும்? கிராம நிர்வாக அலுவலர் எழுதுகிற சேதக் கணக்கு எங்கே நின்றுபோகிறது? இதைக் கேட்க வெளிநாட்டுப் பங்காளி தேவையில்லை. தாலுகா அலுவலகத்துக்குப் போக ஆளும் பஸ் கட்டணமும் போதும்.

பட்ஜெட் போடும்போது ஒன்றை மறக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தவரோ நெதர்லாந்துக்காரரோ முண்டந்துறைக்குள் வர வேண்டுமென்றால் வனத்துறை அனுமதி, ஆய்வு விசா, தாவர மாதிரியோ அது சார்ந்த அறிவோ சம்பந்தப்பட்டால் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல், எல்லாம் வேண்டும். 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் வெளிநாட்டவருக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அரசு வழிகாட்டுதலின்படி ஒப்புதல் பெற்ற கூட்டு ஆய்வுக்கு மட்டும் விலக்கு. முதல் அரையாண்டை அனுமதிகளுக்கே ஒதுக்கி வையுங்கள். அந்த மாதங்களுக்கும் ஆய்வு உதவியாளருக்குச் சம்பளம் போக வேண்டும்.

நெதர்லாந்துக்கு அனுப்புகிற கடிதத்தில் நான் எழுதச் சொல்வது நான்கு. கேள்விகளை இரு பக்கமும் உட்கார்ந்து எழுதுவது. திரட்டிய தரவு பாளையங்கோட்டையிலும் ஒரு பிரதி இருப்பது. களத்தில் வேலை பார்த்தவர் பெயர் கட்டுரையில் ஆசிரியராக வருவது. தமிழ் அறிக்கைக்கு அவர்கள் பட்ஜெட்டிலும் ஒரு வரி. நான்காவதில் விட்டுக்கொடுக்கலாம், அச்சுக் காசை நாமே திரட்டிக்கொள்ளலாம். முதல் மூன்றில் ஒன்றுக்கு மறுத்தாலும் பெல்மாண்டையும் விட்டுவிட்டு, யாழ்ப்பாணத்தோடு மட்டும் போகலாம் என்பது என் வாக்கு.